ஃபன்னன்ஷ்டீல் காட்சிக்கோபுரம்

சுவிட்சர்லாந்தின் சூரிச் மாநிலத்தில், சூரிச் ஏரிக்கும் கிரைஃபன் ஏரிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் குன்றுத்தொடர் ஃபன்னன்ஷ்டீல். உயரம் 853 மீட்டர். ஜெர்மன் மொழியில் இந்தப் பெயருக்கு வாணலியின் கைப்பிடி என்று பொருள். கோபுரம் நிற்கும் மேட்டுக்கு ஹோஹ்வாக்ட் என்று பெயர். 17ஆம் நூற்றாண்டில் சூரிச் அரசு, பகைவர் வந்தால் தீ மூட்டி ஊருக்கு ஊர் செய்தி அனுப்புவதற்காக இத்தகைய காவல் மேடுகளை அமைத்திருந்தது.

கோபுரம் முதலில் எழுந்தது இங்கே அல்ல. கிழக்கே, 1115 மீட்டர் உயரமுள்ள பாஹ்டெல் மலையில் 1870களில் கட்டிய மரக்கோபுரம் 1890இல் புயலில் சாய்ந்தது. அந்த இடத்தில் 1893இல் ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்துக்கு இரும்புக் கோபுரம் எழுப்பினார்கள். தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் அது காற்றையும் பனியையும் தாங்கி நின்றது. 1980களில் தொலைத்தொடர்புக் கோபுரம் ஒன்றுக்கு வழிவிட வேண்டி வந்தபோது அதைக் கழற்றினார்கள். ஆனால் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிடவில்லை. 1992இல் அதே கோபுரத்தை ஃபன்னன்ஷ்டீல் காட்டுக்குள் மறுபடி நிறுத்தினார்கள். இந்தக் கோபுரத்தின் வரலாற்றில் போற்றத்தக்க செயல் இதுதான்.

ஏரிக்கரையில் உள்ள மைலன் ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் சுமார் 430 மீட்டர் ஏற்றம். பாதை முதலில் டோபல் எனப்படும் ஓடைப் பள்ளத்தின் வழியே, பழைய ஃப்ரீட்பெர்க் கோட்டையின் இடிபாடுகளை ஒட்டி, காட்டுக்குள் ஏறுகிறது. மேலே, சூரிச் பல்கலைக்கழகத்தின் முதல் ரெக்டரான இயற்கை அறிஞர் லோரன்ஸ் ஓக்கனின் பெயரில் ஓக்கன்ஸ்ஹோஹே என்ற இடம் இருக்கிறது.

வழியில் நிற்கும் மஞ்சள் கைகாட்டிப் பலகைகளுக்கும் மைலனோடு உறவு உண்டு. மைலன் பள்ளி ஆசிரியர் ஜே. ஜே. எஸ், மாணவர்களைக் கிளவுசன் கணவாய்ச் சாலையில் நடத்திச் சென்றபோது கார்களின் நெருக்கடியில் சிக்கினார். நடப்பவர்களுக்கென்று தனிப்பாதை வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் அவருக்கு உறுதிப்பட்டது. அவரும் ஓட்டோ பிண்டரும் முன்னின்று 1934இல் தேசிய நடைபாதைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்று நாடெங்கும் சுமார் 65,000 கிலோமீட்டர் நடைபாதைக்கு அடையாளம் இட்டிருக்கிறார்கள். பலகையில் தூரம் இராது, நடக்க ஆகும் நேரம்தான் இருக்கும். சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் என்பது கணக்கு. பலகை இல்லாத இடத்தில் மரத்தண்டில் உள்ளங்கை அளவு மஞ்சள் சாய்சதுரம் ஒன்று வழி சொல்லும். ஊர் பேர் தெரியாதவரும் தனியாக நடந்து வரலாம்.

காட்டுக்குள் மரங்கள் மறைத்த காட்சியெல்லாம் படியேறி உச்சிக்கு வந்ததும் ஒன்றாகத் திறக்கிறது: இருபுறமும் ஏரிகள், தெற்கே கிளாருஸ் ஆல்ப்ஸ், கிழக்கே சென்டிஸ் சிகரம். வானம் தெளிந்த நாளில் அதே திசையில் பாஹ்டெல் மலையும், இந்தக் கோபுரம் முன்பு நின்ற உச்சியில் இப்போது நிற்கும் தொலைத்தொடர்புக் கோபுரமும் தெரியும்.