இரணவில: சிலாபக் கரையில் ஓர் அயல்நாட்டு ஒலிபரப்பு நிலையம்

சிலாபத்துக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இரணவில என்னும் மீனவக் கிராமத்தில், அமெரிக்க அரசின் வானொலியான ‘அமெரிக்காவின் குரல்’ நிறுவிய சிற்றலை நிலையம் இலங்கையின் ஊடக வரலாற்றில் உரிய இடத்தை இன்னும் பெறவில்லை. நிகழ்ச்சிகளைத் தயாரிக்கும் கலையகமாக அது அமைக்கப்படவில்லை. வேறிடத்தில் உருவான ஒலியைச் செய்மதி வழியாகப் பெற்று, அதற்கு வலுவூட்டி, தொலைதூர நாடுகளை நோக்கி மீண்டும் வானில் ஏற்றுவதே அதன் பணியாக இருந்தது. இத்தகைய அமைப்பை மறு ஒலிபரப்பு நிலையம் என்பர்.

இந்நிலையத்தின் வேர் இலங்கை வானொலியின் வரலாற்றில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் தன் படையினருக்காக நடத்திய வானொலியின் 100 கிலோவாட் ஆற்றலுள்ள சிற்றலை ஒலிபரப்பி, போருக்குப் பின் இலங்கையின் கைக்கு வந்தது. 1951ஆம் ஆண்டு இலங்கை அரசு அமெரிக்காவுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி மேலும் ஒலிபரப்பிகள் கிடைத்தன. அவற்றுக்கு ஈடாக அமெரிக்காவின் குரலுக்கு ஒலிபரப்பு நேரம் வழங்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில், இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரையிசையைக் கட்டுப்படுத்தியபோது, இந்திய நேயர்கள் பெருந்திரளாக இலங்கை வானொலியின் வர்த்தக சேவையை நாடினர். தமிழகத்தில் அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரல் வீட்டுக்கு வீடு அறிமுகமாயிற்று. இலங்கையிலிருந்து எழும் ஒலி எவ்வளவு தூரம் செல்லும், எத்தனை பேரைத் தன்பால் ஈர்க்கும் என்பதைப் புதுடில்லி அப்போதே பட்டறிந்திருந்தது எனலாம்.

1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த பின், ரீகன் அரசு தன் வெளிநாட்டு ஒலிபரப்பைப் பெரிய அளவில் புதுப்பிக்க முற்பட்டது. ஜே. ஆர். ஜயவர்தன அரசு 1983இல் இணங்கிய புதிய ஒப்பந்தம், முன்னையதைவிடப் பன்மடங்கு வலுவான நிலையத்துக்கு வழிவகுத்தது. இனக்கலவரம் நிகழ்ந்த அதே ஆண்டில் அமெரிக்காவுடன் ஏற்பட்ட இந்த நெருக்கத்தை இந்தியா ஐயத்துடன் நோக்கியது. 1987 ஜூலை 29 அன்று இலங்கை இந்திய உடன்படிக்கையுடன் ரஜீவ் காந்தியும் ஜயவர்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், அயல்நாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களின் வசதிகள் படைத்துறைக்கோ உளவுக்கோ பயன்படாமல் பொது ஒலிபரப்புக்கு மட்டுமே பயன்படுவதை உறுதிசெய்ய உரிய உடன்பாடுகள் மீளாய்வு செய்யப்படும் என்ற உறுதிமொழியும் இடம்பெற்றது. வடக்கு கிழக்கு அதிகாரப் பகிர்வுக்காகவே பெரிதும் நினைவுகூரப்படும் அந்த உடன்படிக்கையின் ஓரத்தில் சிலாபக் கரையின் கதையும் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கொழும்பும் டில்லியும் வொஷிங்டனும் பேசிக்கொண்ட இந்த விடயத்தில் கிராமத்தவரின் கேள்விகள் வேறாக இருந்தன. பெரும்பாலும் கத்தோலிக்க மீனவர்களான அவர்கள், குருமாரின் துணையுடன் நிலையத்தை எதிர்த்துப் போராடினர். வலுமிக்க அலைகள் உடல்நலத்தையும் மீன்வளத்தையும் கெடுக்கும் என்ற அவர்களின் அச்சத்தைத் தொழில்நுட்ப அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆயினும் கரைவலை இழுக்கவும் வாடி அமைக்கவும் கரை திறந்திருக்க வேண்டிய தொழிலில், வேலியிடப்பட்ட பெருநிலம் வாழ்வாதாரத்தின் மீதே கைவைப்பதாகும் என்பதை எவராலும் மறுக்க இயலாது. அவர்களுடைய எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது.

சிற்றலையின் இயல்பு நிலையத்துக்கும் கிராமத்துக்கும் இடையிலான விலகலை மேலும் கூர்மையாக்கியது. சாய்வாக ஏவப்படும் சிற்றலை, மேல்வானில் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்காகிய அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி, நெடுந்தூரத்துக்கு அப்பால் தரையை அடைகிறது. இடைப்பட்ட பகுதியில் ஒலி தெளிவாகக் கேட்பதில்லை. 1979 ஏப்ரல் 13இல் தனியார் முயற்சியாகத் தொடங்கி, அதே ஆண்டு ஜூன் மாதத்திலேயே அரசுடைமையாக்கப்பட்ட நாட்டின் முதல் தொலைக்காட்சியான ஐ.டி.என். முதலில் கொழும்பைச் சுற்றி ஏறத்தாழ 15 மைல் ஆரத்துக்குள் வாழ்ந்தவர்களுக்கே எட்டியது. இரணவில நிலையமோ, அருகில் வாழ்ந்தவர்களைத் தாண்டி ஆசியாவின் தொலைதூர நேயர்களிடம் பேசவே திட்டமிடப்பட்டது.

நிலையம் 1990களில் எழுந்தபோது, அதை வேண்டியிருந்த பனிப்போர் முடிந்து சோவியத் ஒன்றியமும் கலைந்துவிட்டது. பின்னர் செய்மதித் தொலைக்காட்சியும் இணையமும் கைப்பேசியும் சிற்றலை நேயர்களைக் குறைத்துவர, 2016ஆம் ஆண்டளவில் ஒலிபரப்பு நின்று, வளாகம் இலங்கை அரசிடம் திரும்பியது. 2020இல் கொரோனாப் பெருந்தொற்று பரவிய வேளையில் அக்கட்டடங்கள் நோயாளர் சிகிச்சை நிலையமாக மாற்றப்பட்டன. பெருந்தொற்றுச் செய்திகளின் வழியே இரணவில என்ற பெயரை முதன்முறை கேட்ட இலங்கையர் பலர், அது ஒரு காலத்தில் மூன்று அரசுகளின் பேச்சில் அடிபட்ட இடம் என்பதை அறியாமலே அதைக் கடந்துசென்றனர்.