தீபா கர்மாகர்

தீபா கர்மாகர் (பிறப்பு: 9 ஆகஸ்ட் 1993, அகர்தலா, திரிபுரா) ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் இந்தியப் பெண் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. தட்டைப் பாதங்களுடன் பிறந்தவர். ஓடித் தாவி ஊன்றி நிற்க வேண்டிய இவ்விளையாட்டில் அது பெருந்தடை. பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தியின் வழிகாட்டலில் இடைவிடாத பயிற்சியால் அதைக் கடந்தார்.

சாதனைகள்: 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வால்ட் (தாவு மேசை) பிரிவில் வெண்கலம் வென்றார். மேசையில் கையூன்றி எழும்பி, முன்னோக்கி இருமுறை குட்டிக்கரணம் அடித்துத் தரையிறங்கும் ‘புரொதுனோவா’ இவரது அடையாளம். சற்றே பிசகினாலும் கழுத்தோ முதுகெலும்போ முறியக்கூடும். 2016 ரியோ ஒலிம்பிக் வால்ட் இறுதியில் 15.066 புள்ளிகளுடன் நான்காமிடம் பெற்றார், 0.150 புள்ளியில் வெண்கலம் நழுவியது.

காயமும் மீட்சியும்: 2017இல் முழங்கால் தசைநாருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. 2018இல் துருக்கியின் மெர்சின் உலகச் சவால் கோப்பையில் தங்கத்துடன் திரும்பினார். ஊக்கமருந்து விதிமீறலுக்காக விதிக்கப்பட்ட 21 மாதத் தடை 2023 ஜூலையில் முடிந்தது. 2024 மே மாதம், 30ஆம் வயதில், தாஷ்கண்டில் நடந்த ஆசிய ஜிம்னாஸ்டிக்ஸ் சாம்பியன்ஷிப் போட்டியில் தங்கம் வென்றார். இப்போட்டியில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் தங்கம் அது. அதே ஆண்டு அக்டோபரில் ஓய்வு பெற்றார்.

விருதுகள்: அர்ஜுனா, கேல் ரத்னா (2016), பத்மஸ்ரீ (2017).