கொம்பு வெச்ச வைக்கிங்கும் கவசம் போட்ட சோழனும்

ஆபீஸ்ல கொஞ்ச நாளா ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. இப்ப ரிலீஸ் முடிஞ்சிடுச்சு. ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்த ஒரு சமாசாரத்தை இன்னைக்கு இறக்கி வெச்சுடறேன். கொஞ்சம் நீளமான பதிவு. டீ, காபி ஏதாவது எடுத்துக்கிட்டு உக்காந்துடுங்க.

வைக்கிங்னு சொன்னதும் என்ன ஞாபகம் வரும்? தாடி, கோடரி, ரெண்டு பக்கமும் மாட்டுக்கொம்பு வெச்ச இரும்புத் தொப்பி. கார்ட்டூன்ல ஆரம்பிச்சு கால்பந்து மேட்ச் பார்க்க வர்ற கூட்டம் வரைக்கும் இந்தக் கொம்புதான். ஆனா 8லேர்ந்து 11ஆம் நூற்றாண்டு வரை கடலைக் கலக்கின அந்த வைக்கிங்குகள் சண்டைக்குக் கொம்புத் தொப்பி போட்டுக்கிட்டுப் போனதுக்கு ஆதாரமே கிடையாது. 1943ல நார்வேயில ஜெர்முண்ட்புங்கிற பண்ணையில வைக்கிங் காலத்துத் தலைக்கவசம் ஒண்ணு கிடைச்சது. கண்ணைச் சுத்தி மூக்குக்கண்ணாடி மாதிரி ஒரு தடுப்பு இருக்கு, கொம்பு இல்லை. அதுக்கு முந்தின வருஷம் டென்மார்க்குல ஒரு சதுப்பு நிலத்துல நிஜமாவே கொம்பு வெச்ச ரெண்டு வெண்கலத் தலைக்கவசம் கிடைச்சது. ஆனா அதோட காலம் கி.மு. 900 வாக்குல. வைக்கிங்குக்கு 1,700 வருஷம் முந்தி!

அப்ப கொம்பு எங்கேர்ந்து வந்துச்சு? நாடக மேடையிலேர்ந்து. 1876ல ஜெர்மனியில பைராய்ட்டுங்கிற ஊர்ல வாக்னரோட பெரிய இசை நாடகம் அரங்கேறினப்போ, கார்ல் எமில் டோப்ளர்ங்கிறவர் உடை வடிவமைச்சார். கொம்பும் இறக்கையும் வெச்ச தலைக்கவசங்கள் அந்த மேடையில ஏறி உலகத்தோட மண்டையில ஒட்டிக்கிச்சு. 150 வருஷம் ஆகப்போகுது, இன்னும் இறங்கல.

சரி, அது அவங்க ஊர்க் கதை. நம்ம மேட்டருக்கு வருவோம். சோழ வீரன்னு சொன்னதும் உங்க மனசுல வர்ற படம் எங்கேர்ந்து வந்துச்சு?

நம்ம மேடை

மார்புல பளபளன்னு தகடு, தோள்ல ரெண்டு பக்கமும் புடைச்சுக்கிட்டு நிக்கிற அணி, தலையில கூர் வெச்ச கவசம், முழங்கால் வரைக்கும் தோல் செருப்பு. 1973ல சிவாஜி நடிச்ச 'ராஜராஜ சோழன்' தொடங்கி 2022ல வந்த 'பொன்னியின் செல்வன்' வரைக்கும், இந்த உடுப்பு கொஞ்சம் கொஞ்சம் மாறினாலும் அடிப்படை அதேதான். வாட்ஸ்அப்ல 'ஐரோப்பாவை மிஞ்சிய சோழப்படையின் எஃகுக் கவசம்' ரேஞ்சுக்கு வர்ற படங்களுக்கும் ஆதாரம் இதுதான். அதாவது சினிமா.

சினிமாவுக்கு இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு பின்னாடியே போனா, எங்க ஊருக்கே வந்து சேரலாம். பாண்டிச்சேரி, விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் தெருக்கூத்து பார்த்தவங்களுக்குத் தெரியும். துரியோதனன் வேஷம் கட்டினா கட்டையில செதுக்கின பெரிய கிரீடம், தோள்ல புஜகட்டை, மார்புல பதக்கம். எல்லாம் கண்ணாடித் துண்டு பதிச்சு ஜிலுஜிலுன்னு இருக்கும். இந்தக் கட்டைகளை வெச்சுத்தான் 'கட்டைக்கூத்து'ன்னே ஒரு பேரு. ராத்திரி வெளிச்சத்துல, தூரத்துல உக்காந்திருக்கிறவனுக்கும் ராஜா ராஜாவாத் தெரியணும். அதுக்குச் செஞ்சது அது. வாள்வெட்டைத் தடுக்க இல்லை.

அதுக்கு அடுத்து கம்பெனி நாடகம். 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில பார்சி நாடகக் கம்பெனிகள் சென்னைப் பக்கம் வந்து போனதும், படுதா, வெல்வெட், ஜரிகைன்னு நம்ம மேடையும் மாறிச்சு. அந்தக் காலத்துத் தமிழ் மேடைக்குப் பெரிய வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகள். 1867ல பிறந்தவர், 1922ல நம்ம பாண்டிச்சேரியிலதான் காலமானார். கருவடிக்குப்பத்துல அவர் சமாதி இருக்கு. எங்க மூலக்குளத்துலேர்ந்து வண்டியை எடுத்தா கொஞ்ச நேரத்துல போயிடலாம். அந்த நாடகக் கம்பெனிகள்ல வளர்ந்த பசங்கதான் பின்னாடி தமிழ் சினிமாவுக்குப் போனாங்க. நடிகர் போனா கூடவே உடுப்பும் போகும்தானே!

ஆக, வாக்னருக்கு கொம்புன்னா நமக்கு புஜகட்டை. ரெண்டும் மேடையில பொறந்ததுதான்.

நடுகல் என்ன சொல்லுது?

அப்ப நிஜத்துல என்ன போட்டுக்கிட்டாங்க? இதுக்கு இருக்கிற நேரடி சாட்சி நடுகல். சண்டையில செத்தவனுக்கு அவன் ஊர்க்காரங்களே நட்ட கல். செங்கம் பகுதியில மட்டும் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏகப்பட்டது இருக்கு. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972லயே 'செங்கம் நடுகற்கள்'னு புத்தகமா போட்டிருக்காங்க.

அந்தக் கல்லுல இருக்கிற ஆளைப் பாருங்க. இடுப்புல வரிஞ்சு கட்டின துணி. தலைமயிரை அள்ளி முடிஞ்ச கொண்டை. ஒரு கையில வில்லோ குறுவாளோ, சில கல்லுல இன்னொரு கையில கேடயம். மார்பு வெறும் மார்பு. சிலதுல உடம்புல அம்பு குத்தி நிக்கிறதையும் செதுக்கியிருக்காங்க. மார்புத் தகடும் கிடையாது, இரும்புத் தொப்பியும் கிடையாது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது எடுத்தனூர் நடுகல். மகேந்திரவர்ம பல்லவன் காலம், 7ஆம் நூற்றாண்டு. மாட்டுக்காக நடந்த சண்டையில செத்துப்போன கருந்தேவக்கத்திங்கிறவனுக்கு எடுத்த கல். பக்கத்துல அவன் நாயையும் செதுக்கியிருக்காங்க. நாய் பேரு கோவிவன். கள்ளனைக் கடிச்சு, அங்கேயே காவல் நின்னுச்சுன்னு கல்வெட்டே சொல்லுது. பெரிய பெரிய ராஜாக்களோட நாய் பேரு கூட நமக்குத் தெரியாது. இந்த நாய் பேரு 1,400 வருஷமா கல்லுல இருக்கு.

தோல், பூ, சட்டை

சரி, கவசமே கிடையாதான்னு கேட்டா, அதுவும் இல்லை. சங்கப் பாட்டுல கவசம் வருது. புறநானூறு 13ஆம் பாட்டு. சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளி யானை மேல வர்றான். அவன் போட்டிருக்கிறது புலி நிறக் கவசம். புலித்தோல்ல செஞ்சதுன்னு பழைய உரை சொல்லுது. அதுவும் அம்பு பட்டுக் கிழிஞ்சு போயிருக்கு. கவனிங்க, இரும்பு இல்லை, தோல். அது போட்டிருக்கிறது ராஜா.

கேடயத்துக்குப் பழந்தமிழ்ல இருக்கிற பேர்ல ஒண்ணு என்ன தெரியுமா? 'தோல்'. அவ்ளோதான். எதுல செஞ்சாங்களோ அதுவே பேரு. கவசத்துக்கு 'மெய்ம்மறை'ன்னு ஒரு அழகான சொல் பதிற்றுப்பத்துல வருது. ஆனா அங்க அது நிஜக் கவசம் இல்லை. தன் வீரர்களுக்குச் சேர ராஜாவே மெய்ம்மறைன்னு பாடறாங்க. முன்னாடி நின்னு அடி வாங்கிக்கிறவன்னு அர்த்தம்.

தலையில என்ன? பூ! வெட்சி, கரந்தை, வஞ்சி, தும்பை, வாகைன்னு ஒவ்வொரு வகைச் சண்டைக்கும் ஒரு பூ. அது போக சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. கைகலந்து அடிச்சுக்கிற கூட்டத்துல யார் நம்ம ஆள், யார் அவன் ஆள்னு தெரியணுமே. இன்னைய ராணுவ யூனிஃபார்ம் செய்யற பாதி வேலையை அந்தப் பூ செஞ்சிருக்கு. மீதிப் பாதியை, அதாவது தலையைக் காப்பாத்தறதை, கொண்டையும் தலைவிதியும் பார்த்துக்கிச்சு போல.

இன்னொரு சுவாரசியம். முல்லைப்பாட்டுல ராஜாவோட பாசறையைக் காவல் காக்கிற யவனர்கள் வர்றாங்க. அவங்களை வர்ணிக்கும்போது, உடம்பை மூடற சட்டை போட்டவங்கன்னு தனியாச் சொல்றாரு புலவர். அதாவது சட்டை போடறது ஒருத்தனைத் தனியா அடையாளம் காட்டற விஷயமா இருந்திருக்கு. யவனர்களோட ரோமாபுரிச் சரக்கு எல்லாம் வந்து இறங்கின அரிக்கமேடு எங்க ஊர் எல்லையிலதான் இருக்கு. 1945ல வீலர் தோண்டினாரே, அதே இடம்.

இரும்பு தெரியாமலா?

இங்க ஒரு கோஷ்டி வரும். 'அப்ப நம்மாளுங்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாதா?'ன்னு. தெரியும் சாமி, நல்லாவே தெரியும். கொடுமணல்ல உலைகள் கிடைச்சிருக்கு. நம்ம பழைய தென்னார்க்காடு மேல்சிறுவளூர்ல மூசையில எஃகு உருக்கினதுக்கான தடயத்தை சாரதா சீனிவாசன் ஆராய்ஞ்சு எழுதியிருக்காங்க. வெள்ளைக்காரன் 'வூட்ஸ்'னு பேர் வெச்சுக் கொண்டாடின எஃகு இந்த வகைதான்.

ஆனா இஞ்சினியர் மூளையோட யோசிச்சுப் பாருங்க. மூசை எஃகு சின்னச் சின்னக் கட்டியாத்தான் கிடைக்கும். கார்பன் அதிகம். கூர் நிக்கும், கத்திக்கு அருமை. அதையே பெரிய தகடா அடிச்சு நீட்டறது பெரும்பாடு, வெடிச்சுடும். ஐரோப்பாவுல போட்ட சங்கிலிக் கவசம்னா ஒரு சட்டைக்கு இருபது, முப்பதாயிரம் வளையம், எடை 10 கிலோவுக்கு மேல. நம்ம சித்திரை வெயில்ல அதைப் போட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் நடந்தா, எதிரி வரவே வேணாம், வெயிலே முடிச்சுடும். கடலோரக் காத்துல துரு வேற.

நம்ம ஊருக்குப் பொருத்தமானது பஞ்சு. அடுக்கடுக்கா துணி வெச்சு, நடுவுல பஞ்சு திணிச்சு, நெருக்கமாத் தைச்ச மெத்தைக் கவசம். வாள் வெட்டு லேசுல இறங்காது. 1520 வாக்குல விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் தோமிங்கோ பயஸ், கிருஷ்ணதேவராயர் காலத்து மகாநவமி அணிவகுப்பைப் பார்த்து எழுதியிருக்காரு. பஞ்சு வெச்சுத் தைச்ச உடுப்பு, தோல் அடுக்குக் கவசம், கழுத்தையும் மூடற தலைக்கவசம், எல்லாம் வருது. ஆனா அது பேரரசோட திருவிழா அணிவகுப்பு. குடியரசு தின பரேடைப் பார்த்துட்டு, இந்தியாவுல எல்லாரும் தினமும் இப்படித்தான் உடுத்துவாங்கன்னு எழுதக்கூடாது இல்லையா?

அதுக்கு 230 வருஷம் முந்தி பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ நேர் எதிரா எழுதறாரு. இந்த நாட்டுல சட்டை தைக்கத் தையல்காரனே கிடையாது, சண்டைக்குக் கூட வெறும் உடம்போட ஈட்டியும் கேடயமும் மட்டும் எடுத்துக்கிட்டுப் போறாங்க, மட்டமான சிப்பாய்கள், இப்படி. மனுஷனுக்குக் கொழுப்பைப் பாருங்க! ஆனா மட்டம்கிறது அவர் கருத்து. வெறும் உடம்பு, ஈட்டி, கேடயம்கிறது அவர் பார்த்தது. நடுகல்லும் அதையேதான் காட்டுது.

ரெண்டு பொய்

இப்ப நான் சொல்ல வந்ததைச் சொல்லிடறேன். இந்த விஷயத்துல ரெண்டு கற்பனை சுத்திக்கிட்டு இருக்கு.

ஒண்ணு, எல்லாரும் எஃகுக் கவசம் போட்டிருந்தாங்கங்கிறது. அது மேடைச் சரக்குன்னு பார்த்தாச்சு. இதுக்குள்ள ஒரு தாழ்வு மனப்பான்மையும் ஒளிஞ்சிருக்கு. வெள்ளைக்கார நைட்டு மாதிரி தகடு போட்டாத்தான் வீரன்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி.

இன்னொண்ணு இதைவிட மோசம். 'தமிழன் வீரத்துக்காகவே மார்பைத் திறந்து காட்டிக்கிட்டுப் போனான், கவசம் கோழைக்கு'ன்னு ஒரு வசனம். மார்புல பட்ட புண்ணைப் பெருமையாவும், முதுகுல பட்ட புண்ணை அவமானமாவும் பாடினது நிஜம்தான். வெண்ணிப் போர்ல முதுகுல புண் பட்டதுக்காகச் சேரன் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிரை விட்டான். ஆனா கவசம் கோழைக்குன்னா, அந்தச் சோழ ராஜா ஏன் புலித்தோல் போட்டான்? விஜயநகரத்துல பெரிய ஆளுங்க ஏன் தலைக்கவசம் போட்டாங்க? வசதி இருந்தவன் போட்டுக்கிட்டான், அவ்ளோதான். ஊர் மாட்டை மீட்க ஓடின கருந்தேவக்கத்திக்கு யாரும் கவசம் தைச்சுக் குடுக்கல. அவன் இருந்த கோலத்துல ஓடினான், செத்தான். அதை வீரம்னு பாடறது சுலபம். அவனுக்கு ஏன் ஒரு பஞ்சுக் கவசம் கூட இல்லைங்கிறதும் வரலாறுதான். அந்தக் கேள்வியை நாம கேக்கறதே இல்லை.

கடைசியில கவசத்துக்கே வேலை இல்லாமப் போன கதையிலயும் எங்க ஊருக்குப் பங்கு உண்டு. 1746ல அடையாறு கரையில, பாண்டிச்சேரியிலேர்ந்து போன பாரதிங்கிற தளபதி (பிரெஞ்சுப் படையில இருந்த சுவிஸ்காரர், நம்ம பாரதி இல்லை!) ஆயிரத்துக்கும் குறைவான ஆளுங்களை வெச்சு ஆற்காட்டு நவாபோட பத்தாயிரம் பேர் படையை ஓட விட்டாரு. துப்பாக்கியை வரிசையா நின்னு, முறை வெச்சுச் சுட்டாங்க. அந்த ஆயிரத்துலயும் முக்கால்வாசி நம்ம ஊர் சிப்பாய்ங்க. துப்பாக்கிக் குண்டுக்கு முன்னாடி இரும்பும் பஞ்சும் வெறும் மார்பும் ஒண்ணுதான்.

உங்க ஊர்ப் பக்கம் ஏரிக்கரையிலயோ வயல் வரப்புலயோ வில்லும் வாளுமா ஒரு ஆள் செதுக்கின கல் நிக்குதான்னு பாருங்க. சில ஊர்ல வேடியப்பன்னு பேர் வெச்சுக் கும்பிடுவாங்க. இருந்தா ஒரு போட்டோ எடுத்து, ஊர் பேரோட உங்க பதிவுல போடுங்க. யாராவது அதைப் பேர்த்து மதகுக்குப் படிக்கல்லா போடறதுக்குள்ள போடுங்க. கவசம் இல்லாமச் செத்தவனுக்கு மிச்சம் இருக்கிற ஒரே கவசம் அந்தக் கல்லுதான்.

பி.கு: இம்சை அரசன் புலிகேசி உடுப்பைப் பத்தி ஏன் எழுதலைன்னு கேக்கப் போறவங்களுக்கு: வரலாற்றுப் படம்னு மார்தட்டாத ஒரே ராஜா படம் அது, அதை விட்டுடுவோம் :-)