கோடம்பாக்கத்துப் பாட்டு கொழும்பு சுற்றி வந்த கதை

வெளிநாட்டில் இருக்கிற நம் எல்லோருக்கும் இந்த எரிச்சல் பழக்கம்தான். ஊரில் எல்லோரும் பார்த்து முடித்த பாட்டுக் கச்சேரியை நாம் தட்டினால், "உங்கள் நாட்டில் இது கிடைக்காது" என்று ஒரு வரி வந்து நிற்கும். காசு கட்டத் தயார் என்றாலும் கதவு திறக்காது. இது இணையம் கொண்டுவந்த வியாதி என்று நினைப்பவர்களுக்காக எங்கள் சித்தூர், திருப்பதிப் பக்கத்துப் பழைய கதை ஒன்று.

1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரானவர் பி.வி.கேஸ்கர். சாஸ்திரிய சங்கீதம் என்றால் உயிர், சினிமாப் பாட்டு என்றால் ஆகாது. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கான நேரம் குறைக்கப்பட்டது. படத்தின் பெயரைச் சொன்னால் அது விளம்பரம் என்று சொல்லி அதையும் நிறுத்தினார்கள். தயாரிப்பாளர்கள் சும்மா இருப்பார்களா? ஒலிபரப்பும் உரிமையையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சில மாதங்களில் வானொலியில் சினிமாப் பாட்டே இல்லை!

1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது எங்கள் மாவட்டம் அந்தப் பக்கம் போனது. ஆனால் ரசனைக்கு ஏது எல்லை? வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட சித்தூர் நாகையா, எம்.எஸ். நடித்த 'மீரா'வில் ராணாவாக வந்தவர். அதே 1953-ல் 'தேவதாஸ்' இரண்டு மொழியிலும் வந்து, கண்டசாலாவின் குரல் இரண்டு பக்கமும் ஒலித்தது. கொட்டகையில் கேட்கலாம். இசைத்தட்டு வாங்க வசதி இருந்தால் வீட்டில் கேட்கலாம். மற்றவர்கள் என்ன செய்வது?

ரேடியோ முள்ளைச் சிற்றலைக்குத் திருப்பினால் கொழும்பு! இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு விளம்பர வருமானத்தில் நடந்தது. அதற்கு நேயர்கள் வேண்டும், நேயர்களுக்குச் சினிமாப் பாட்டு வேண்டும். கணக்கு சரியாகப் போயிற்று. எஸ்.பி.மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்களும் நட்சத்திரங்களானார்கள். சிற்றலை வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி இறங்குவது. கீழே யார் எல்லைக்கோடு போட்டார்கள் என்று அதற்குத் தெரியாது :-)

இதில் உள்ள வேடிக்கையைப் பாருங்கள். சித்தூரிலிருந்து சென்னை சுமார் 150 கிலோமீட்டர். கொழும்பு சுமார் 700. பக்கத்தில் பதிவான பாட்டு, கடல் தாண்டிப் போய் வேறொரு நாட்டின் அனுமதியோடு எங்கள் டீக்கடைக்கு வந்து சேர்ந்தது. ஆண்டுதோறும் தபால் ஆபீசில் லைசென்ஸ் பணம் கட்டியது இங்கே, பாட்டுக் கேட்டது அங்கே.

கடைசியில் வழிக்கு வந்தது அரசுதான். 1957 அக்டோபர் 3-ல் விவித் பாரதி தொடங்கியது. 1967-ல் அதில் விளம்பரங்களும் வந்தன. காளஹஸ்தியில் பள்ளியும் திருப்பதியில் பி.யூ.சி.யும் படித்த எஸ்.பி.பி. 1969-ல் தமிழில் பாட வந்தபோது, கேட்பதற்கு இரண்டு வாசலும் திறந்திருந்தன.

ரசிகன் திருடன் இல்லை. கேட்கும் ஆசையோடு வாசலில் நிற்கிறவன். முன்வாசலை அடைத்தால் அவன் கொல்லை வழியாகப் போவான், பின்னாலேயே விளம்பரக் காசும் போகும். கேஸ்கர் காலத்தில் அது கொழும்புக்குப் போனது. இன்று நாடு நாடாகப் பூட்டுப் போடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

உங்கள் வீட்டில் அந்த நாளைய நேயர்கள் யாராவது இருந்தால், அடுத்த முறை போன் பேசும்போது கொழும்பு ரேடியோ பற்றிக் கேளுங்கள். சொல்வதைப் பதிவு செய்து வையுங்கள். கேட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.