புஷ்கிராஃப்ட் கத்தி ஆர்டர் கொடுக்கப் போறீங்களா? ஸ்டீல் முதல் சட்டம் வரை தெரிய வேண்டியவை

கேம்பிங் போவதற்காக உங்கள் கைக்கு ஏற்ற மாதிரி ஒரு கத்தி செய்து வாங்க நினைக்கிறீர்களா? நல்ல கத்தி பல வருஷம் உழைக்கும். ஆனால் ஸ்டீலைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் ஒரே மழைக்காலத்தில் துரு ஏறிவிடும். எங்கே கொண்டுபோகிறோம் என்று பார்க்காவிட்டால் வழக்கில்கூட மாட்டலாம்.

எது புஷ்கிராஃப்ட் கத்தி?

மடக்க முடியாத, உறையில் வைக்கும் கத்தி. கூடார முளை சீவ, கயிறு அறுக்க, சுள்ளி பிளக்க உதவும். பெரும்பாலும் அலகு 4 முதல் 5 அங்குல நீளமும், 3 முதல் 4 மி.மீ. தடிமனும் இருக்கும். அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை ஓடினால் அது ‘ஃபுல் டேங்’. கட்டையால் தட்டி விறகு பிளக்கும்போது இந்த வகை எளிதில் உடையாது.

எந்த ஸ்டீல் கேட்பது?

1095: சுமார் 0.95% கார்பன். கூர் தீட்டுவது சுலபம், ஆனால் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

டி2: 11 முதல் 13% குரோமியம். கூர் நீண்ட நாள் நிற்கும். தீட்டுவதற்குத்தான் பொறுமை வேண்டும். இதுவும் முழுமையான ஸ்டெயின்லெஸ் இல்லை.

14சி28என்: சுமார் 14% குரோமியம் உள்ள ஸ்டெயின்லெஸ். சென்னை, மும்பை மாதிரி கடலோர ஊர்க்காரர்களுக்கு இதுதான் தலைவலி குறைவு.

கத்தி செய்பவரிடம் ‘ராக்வெல் எவ்வளவு?’ என்று கட்டாயம் கேளுங்கள். இந்த வகைக் கத்திக்கு 57 முதல் 60 வரை சரியாக இருக்கும். பிடிக்கு உங்கள் உள்ளங்கை அகலத்தை அளந்து கொடுங்கள்.

எப்படிப் பராமரிப்பது?

* வேலை முடிந்ததும் கழுவி, துடைத்து, நன்றாகக் காய வையுங்கள். கார்பன் ஸ்டீலுக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு அவசியம். சமையலுக்கும் பயன்படுத்தினால் உணவுத் தர மினரல் ஆயில் போதும்.
* தோல் உறையிலேயே மாதக்கணக்கில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.
* சாம்பல் நிறப் படலம் வந்தால் பயப்பட வேண்டாம், அது கெடுதல் இல்லை. செம்பழுப்பு நிறம் வந்தால் துரு. உடனே தேய்த்து எடுங்கள்.
* 1000 கிரிட் கல்லில் தீட்டி, பிறகு 3000-இல் மெருகேற்றி, கடைசியாகத் தோல் பட்டையில் இழுத்துப் பிசிறை நீக்குங்கள்.
* வேகமாகச் சுழலும் சாணையில் உலர்வாகக் கொடுக்காதீர்கள். முனை நீலமாகும் அளவுக்குச் சூடேறினால் அந்த இடத்தில் இரும்பு மென்மையாகிவிடும். அதன்பின் கூர் நிற்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆயுத விதிகளின்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வரும். வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் பயன்பாட்டுக்காக வடிவமைத்தவைக்கு விலக்கு உண்டு.

பலர் கவனிக்காத இடம் இதுதான்: 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் ‘ஆயுதம்’ என்பதில் கத்தியையும் சேர்க்கிறது, அளவு எதுவும் சொல்லாமல். சரணாலயத்துக்குள்ளும் தேசியப் பூங்காவுக்குள்ளும் எழுத்துபூர்வ முன் அனுமதி இல்லாமல் அதைக் கொண்டுபோகக் கூடாது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதாவது, உங்கள் 4 அங்குலக் கத்திக்கும் இது பொருந்தும்.

விமானத்தில் போகிறீர்கள் என்றால் கேபின் பையில் கத்தி கூடாது. செக்-இன் பையில் உறையோடு வையுங்கள். உங்கள் ட்ரெக்கிங் பாதை சரணாலயத்துக்குள் போகிறதா என்று முதலில் பாருங்கள். போகிறது, அனுமதியும் இல்லை என்றால், கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.