நுண்செயலி கண்விழித்த வரலாறு



மின்விசையை அழுத்துகின்றோம், கணிப்பொறி இயங்கத் தொடங்குகின்றது. இவ்விரண்டுக்கும் இடையே கழிவது மிகச் சிறு பொழுதே. ஆயினும் அப்பொழுதை ஒழுங்குபடுத்தப் பொறியியலார் பட்ட பாடு ஒரு தனி வரலாறு. அதனையே இன்று நாம் கூற முற்படுகின்றோம்.

சுவரிலிருந்து வரும் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கித் தருவது மின்வழங்கி. அது தரும் 5 வோல்ட் அழுத்தம் ஒரே தாவலில் எழுவதன்று. தொட்டியில் நீர் ஏறுவதுபோல் படிப்படியாக ஏறுவது. பாதி ஏறிய நிலையில் நுண்செயலியின் உள்ளிருக்கும் நினைவுக் கண்ணறைகள் ஒவ்வொன்றும் தன் போக்கில் சுழியாகவோ ஒன்றாகவோ விழுந்துவிடும். அந்நிலையில் செயலி தன் முதற் கட்டளையை எங்கிருந்து எடுக்கும் என்று யாராலும் கூற இயலாது. கணக்கையே கட்டளையென்று மயங்கி நிறைவேற்றவும் கூடும். எனவே செயலியின் கால்களுள் ஒன்றை இதற்கென ஒதுக்கினர். அக்காலில் குறிப்பு நிற்குமளவும் செயலி வாளாவிருக்கும். குறிப்பு நீங்கியதும் குறித்த ஓரிடத்திலிருந்து பணி தொடங்கும். அக்குறிப்பின் பெயர் ரீசெட்.

இதனைத் தமிழில் 'மீட்டமைவு' என்பர். நம் போன்ற மொழிபெயர்ப்பாளருக்கு இச்சொல்லில் சிறிது மனக்குறை உண்டு. மீட்பதற்கு முன்னொரு நிலை இருந்திருத்தல் வேண்டுமன்றோ? மின் வரும் முதற் கணத்தில் அப்படி ஒன்றும் இல்லை. எனினும் வழக்கில் வந்துவிட்ட சொல்லை மாற்றுவது நம் கையில் இல்லை.

1974-இல் வெளிவந்த இன்டெல் 8080 செயலிக்கு இக்குறிப்பு 3 துடிப்புக் காலம் நின்றாற் போதும். 2 மெகாஹெர்ட்ஸ் விரைவில் அது ஒன்றரை மைக்ரோ நொடி. மின்வழங்கி நிலைபெறுவதற்கோ அதைப்போல் பல்லாயிர மடங்கு பொழுது தேவை. சிக்கல் பிறந்தது இவ்வேற்றுமையில்தான். தொடக்க நாட்களில் மனிதனே இதற்குக் காவலனாயிருந்தான். 1975-இன் ஆல்டேர் 8800 பொறியின் முகப்பில் ரீசெட் விசை ஒன்று இருந்தது. 1976-இன் ஆப்பிள்-1 பொறிக்கும், மின் கொடுத்தபின் கையால் ரீசெட் அழுத்த வேண்டியிருந்தது.

கைக்கு மாற்றாக வந்தது மிக எளிய ஓர் இணைப்பு: ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும். பத்தாயிரம் ஓம் தடையின் வழியே 10 மைக்ரோஃபாரட் தேக்கி நிரம்பத் தொடங்கினால், நொடியில் பத்திலொரு பங்கு அளவிலான தாமதம் கிடைக்கும். ஆனால் இவ்வழுத்தமும் மெல்லவே ஏறுவதால், எல்லைக்கோட்டருகே செயலி தடுமாறும். இதனைத் தீர்த்தது ஷ்மிட் விசைச்சுற்று. ஏறும்போது ஓர் எல்லையும் இறங்கும்போது அதனினும் தாழ்ந்த வேறோர் எல்லையும் வைத்து, ஐயத்திற்கு இடமின்றி 'ஆம்', 'இல்லை' எனக் கூறுவது அது. அதனை 1930-களில் படைத்த அமெரிக்கர் ஓட்டோ ஷ்மிட், கணவாய் மீனின் நரம்புத் துடிப்பை ஆராய்ந்து கொண்டிருந்த மாணவர்! 8080-க்குத் துணையான 8224 என்னும் துடிப்பாக்கிச் சில்லிலேயே அச்சுற்றை அமைத்துவிட்டனர்.

ஆனால் தேக்கிக்குத் தெரிவது காலம் ஒன்றே. மின்வழங்கியின் நலம் அதற்குத் தெரியாது. 1981-இல் வந்த ஐ.பி.எம். தனிக்கணிப்பொறி இம்முறையை மாற்றியது. அதன் 63.5 வாட் மின்வழங்கி, தன் அழுத்தங்கள் யாவும் நிலைபெற்றபின் 'பவர் குட்' என்னும் குறிப்பைத் தானே அனுப்பும். அக்குறிப்பு 8284ஏ துடிப்பாக்கி வழியாக 8088 செயலியை விடுவிக்கும். மின்னின் நிலையை நன்கறிந்தவரே சான்று பகர வேண்டும் என்னும் இவ்வேற்பாடே இவ்வரலாற்றின் உண்மையான திருப்பம் என்பது நம் கருத்து. 1995-இன் ஏ.டி.எக்ஸ். நெறியிலும் இக்குறிப்பு தொடர்ந்தது.

இடையே ஒரு விந்தை: 1984-இன் ஐ.பி.எம். ஏ.டி. பொறியில், 80286 செயலியைப் பாதுகாப்பு முறையிலிருந்து பழைய முறைக்குத் திருப்பக் கட்டளை ஏதும் இல்லாமையால், விசைப்பலகைக் கட்டுப்பாட்டுச் சில்லைக் கொண்டு செயலியை வேண்டுமென்றே ரீசெட் செய்தனர்.

மின் வருவதினும் மின் தளர்வதே கொடிது. கோடையில் குளிரூட்டும் பொறி இயங்கத் தொடங்கும்போது விளக்கு ஒரு கணம் மங்குவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அக்கணத்தில் செயலி தடுமாறலாம். தேக்கியோ நிரம்பியவாறே இருப்பதால் ரீசெட் பிறவாது. எழும்பிய மின் மீண்டபின்னும் பொறி மயங்கியே கிடக்கும். இதனைக் களைய 1980-களில் காவற் சில்லுகள் தோன்றின. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டி.எல்.7705, வழங்கும் அழுத்தத்தைத் தன்னுள் உள்ள அசையாத அளவோடு ஒப்பிட்டு, அது 4.55 வோல்ட்டுக்குக் கீழிறங்கினால் செயலியை உடனே நிறுத்தும். அழுத்தம் மீண்டு, குறித்த தாமதமும் கழிந்த பின்னரே விடுவிக்கும்.

பிற்காலத்தில் அக்காவல் செயலியின் உள்ளேயே குடிபுகுந்தது. அட்மெல் நிறுவனத்தின் ஏடிமெகா 328 அவற்றுள் ஒன்று. அதிலும் அக்காவல் அணைக்கப்பட்ட நிலையிலேயே தொழிற்சாலையிலிருந்து வருகின்றது. அமைப்பவர்தாம் நினைவாக இயக்க வேண்டும். மறந்தால், மின் தளரும் வேளையில் செயலி தன் அழியா நினைவகத்தில் தவறானதை எழுதிவிடக் கூடும். மின் மீண்டு வந்தபின்னும் அப்பிழை அங்கேயே இருக்கும்.