குடல்வால் கட்டிகள்: பெயரும் சிகிச்சையும்

கூட்டேரிப்பட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுபவர் திண்டிவனம் போகலாம், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம், மயிலம் வழியாகப் புதுச்சேரி ஜிப்மருக்கும் போகலாம். எங்கே போனாலும் 'குடல்வாலை எடுத்தாச்சு' என்றதும் வீட்டார் மனம் ஆறிவிடுகிறது. எடுத்த குடல்வால் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. அரிய குடல்வால் கட்டிகளைப் பற்றிய வகைப்பாட்டுச் சர்ச்சை அந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

அகற்றப்படும் குடல்வால்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டில் கட்டி இருக்கிறது. பெரும்பாலும் அறுவை மருத்துவருக்கு அது தெரிவதில்லை. அழற்சி என்று நினைத்தே எடுக்கிறார். திசு ஆய்வில்தான் கட்டி வெளிப்படுகிறது.

பெயர் எப்படிச் சிகிச்சையைத் திசைதிருப்பும் என்பதற்கு ஒரு கட்டியின் வரலாறே போதும். 1907இல் நோயியலாளர் ஓபர்ன்டார்ஃபர், புற்றுநோயை ஒத்திருந்தும் அத்தனை கொடிதல்லாத கட்டிகளை 'கார்சினாய்டு' என்றார். 1974இல் சுப்புசுவாமி முதலிய நால்வர், சளி நிறைந்த கோப்லெட் செல்களுடன் நியூரோஎண்டோகிரைன் செல்களும் கலந்த குடல்வால் கட்டியைக் 'கோப்லெட் செல் கார்சினாய்டு' என்று அழைத்தனர். அன்றைய அறிவுக்கு நியாயமான பெயர்தான். ஆனால் அந்தப் பின்னொட்டு கார்சினாய்டின் விதியையும் கூடவே இழுத்து வந்தது: ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவென்றால் குடல்வாலை எடுத்ததே போதும். இந்தக் கட்டியோ உருண்டு திரள்வதில்லை. சுவருக்குள்ளேயே சுற்றிப் பரவும், அளவுகோலுக்கு அகப்படாது. வயிற்றுறைக்கும், பெண்களிடம் சினைப்பைக்கும் பரவக்கூடியது. 2019இல் உலக சுகாதார நிறுவன வகைப்பாடு இதை 'கோப்லெட் செல் அடினோகார்சினோமா' ஆக்கியது. குழாயாகவும் கொத்தாகவும் வளரும் பகுதி முக்கால் பங்குக்கு மேல் என்றால் முதல் தரம், பாதிக்கும் குறைந்தால் மூன்றாம் தரம். நியூரோஎண்டோகிரைன் செல்களைக் காட்டும் சைனாப்டோபைசின் சாயம் சில செல்களில் பிடித்துவிட்டது என்பதற்காக நியூரோஎண்டோகிரைன் கட்டி என்று எழுதுவது மீசையை வைத்து ஆளைச் சொல்வது போலத்தான். வழக்கமான ஹெமடாக்சிலின்-ஈயோசின் சாயத்திலேயே பெரும்பாலும் இதை இனங்காணலாம். ஆகவே இது பெருநகர ஆய்வகத்துக்கு மட்டும் உரிய வித்தை என்பதை நான் ஏற்கவில்லை.

சளிக்கட்டிகளின் சிக்கல் வேறு. தாழ்தரச் சளிக்கட்டி சுவரைத் துளைக்காமல் தள்ளிக்கொண்டே போகும். தசையடுக்குக்குள் அடங்கியிருந்தால் எடுத்ததோடு பெரும்பாலும் முடிந்தது. வெளிப்பரப்பில் சளி கசிந்திருந்தால், அதில் செல்லே இல்லாவிட்டாலும், நிலை மாறிவிடும். பின்னாளில் வயிறு முழுக்கச் சளி தேங்கும் சூடோமிக்சோமாவுக்கு அதுவே வாசல். நுனியில் ஒரு துண்டும் நடுவில் ஒரு துண்டும் வெட்டிப் பார்த்தால் அந்தக் கசிவு தப்பிவிடும்.

குடல்வாலை எடுக்காமலே ஆன்டிபயாடிக் தந்து அனுப்பும் போக்கு வளர்வதால் கட்டி தப்பிவிடும் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. குடல்வாலருகே திரண்ட சீழ்க்கட்டி ஆறிய பின் குடல்வாலை எடுப்பதா, கண்காணிப்பதா என்று ஃபின்லாந்தில் நடந்த ஆய்வு, பலருக்குக் கட்டி தெரிந்ததால் பாதியில் நிறுத்தப்பட்டது; இறுதிக் கணக்கில் 60 பேரில் 12 பேருக்குக் கட்டி இருந்தது. முடிவுகள் 2019இல் வெளியாயின. அந்தப் பன்னிருவரும் நாற்பது வயதைக் கடந்தவர்கள். அந்த வயதில் சீழ்க்கட்டியோடு வந்து மருந்தில் குணமானவரை மறுபடி வரவழைப்பதும், எடுத்த குடல்வாலில் சளி கண்டால் முழுவதையும் பார்மலினில் இட்டு முழுவதையும் வெட்டிப் பார்ப்பதும் திண்டிவனத்தின் சிறு மருத்துவமனைக்கும் எட்டாதவை அல்ல.